தேர், போர், தேர்ஃபோர்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைவது மனு. நெல்லுக்காவது குறுவை, சம்பா, தாளடி என்று பட்டம் உண்டு. மனுவுக்கு அதெல்லாம் கிடையாது, வருஷம் பூராவும் சாகுபடிதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் வரவில்லை என்று ஒரு கூட்டம், தண்ணீர் வடியவில்லை என்று இன்னொரு கூட்டம், இரண்டும் ஒரே வரிசையில் நிற்கும். சில வருஷங்களில் இரண்டு மனுவிலும் ஒரே ஆள் கையெழுத்துப் போட்டிருப்பார்.

மனு பெரும்பாலும் தமிழில்தான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை வேரோடியிருக்கிறது. தமிழ் மனு கட்டின் அடியில் போய்விடும், இங்கிலீஷ் மனு மேலே மிதக்கும், அதிலும் 'தேர்ஃபோர்' என்ற சொல் உள்ள மனுவைக் கலெக்டரே கையில் எடுத்துப் படிப்பார் என்பது அந்த நம்பிக்கை. இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் ஊரில் நான் ஒருவன்தான். திண்ணையும் இருக்கிறது, கண்ணாடியும் இருக்கிறது. தப்பிக்க வழியில்லை.

பக்கத்து வீட்டுச் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அவருடைய நெல்லை எடுக்கவில்லை. அதற்கு மனு.

"தம்பி, தேர்ஃபோர் போட்டாச்சா?"

"இன்னும் விஷயத்தையே எழுத ஆரம்பிக்கலையே சித்தப்பா."

"விஷயம் எங்க ஓடிப் போகுது? மொதல்ல அதைப் போட்டு வை. அப்புறம் எடமில்லாமப் போயிடும்."

சித்தப்பாவுக்கு அந்தச் சொல்லின் மேல் இருந்த மரியாதைக்குக் காரணம் மெதுவாகத்தான் தெரிந்தது. தேர் என்றால் திருவாரூர் ஆழித்தேர், 96 அடி உயரம். போர் என்றால் அவர் களத்தில் நிற்கும் வைக்கோல் போர். இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக வெள்ளைக்காரன் வைத்திருக்கிறான் என்றால் அது எவ்வளவு பெரிய சொல்லாக இருக்க வேண்டும்! மனுவில் மூன்று இடத்தில் வேண்டும் என்றார். ஒன்று விஷயத்துக்கு, ஒன்று மரியாதைக்கு, ஒன்று கையெழுத்துக்கு மேலே.

விஷயம் இதுதான். மழை பெய்தது. களத்தில் கிடந்த நெல் நனைந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டியது. கொள்முதல் நிலையத்தில் மெஷினை வைத்துப் பார்த்துவிட்டுக் காய வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். அவர் ரோட்டில் கொட்டிக் காய வைத்தார். மறுபடியும் மழை பெய்தது.

இதில் தேர்ஃபோரை எங்கே போடுவது? போடுவதானால் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் போடலாம், ஆபீசருக்கு மூச்சு வாங்கும். போடாமலே விட்டாலும் குடி முழுகாது. மழை பெய்தால் நெல் நனையும் என்று தஞ்சாவூரில் உத்தியோகம் பார்க்கும் எவருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. காரணமும் காரியமும் இப்படித் தாமாகவே கைகோத்து நடக்கும்போது நடுவில் ஒரு சொல் புகுந்து, 'இவர் இன்னாருக்குச் சொந்தம்' என்று அறிமுகம் செய்து வைப்பது அநாவசியம். ஒரே ஓர் இடத்தில்தான் அது தேவைப்பட்டது. நடந்ததையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, 'ஆகவே ஈரப்பத வரம்பைத் தளர்த்த வேண்டும்' என்று கேட்கும் இடத்தில். நடந்ததை விட்டுக் கேட்பதற்குத் தாண்டும்போதுதான் வாசிக்கிறவருக்கு ஒரு கைப்பிடி வேண்டும்.

அந்த ஒன்றை மட்டும் போட்டேன். சித்தப்பா கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, எழுத்து தெரியாவிட்டாலும், காகிதத்தை மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்துவிட்டு, "மீதி ரெண்டு எங்க?" என்றார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லின் மேல் வரும் ஆசை ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. லீவ் லெட்டர். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், ஸோ ஐ ரிக்வெஸ்ட் யூ டு க்ராண்ட் மீ லீவ்.' தமிழ்நாட்டில் இந்த வாக்கியத்தை எழுதாமல் வளர்ந்தவர் எவரும் இல்லை. காய்ச்சலே வராத திடகாத்திரமான பிள்ளைகள்கூட எழுதியிருக்கிறார்கள். இலக்கணப்படி இதில் 'ஆஸ்' இருந்தால் 'ஸோ' கூடாது, 'ஸோ' இருந்தால் 'ஆஸ்' கூடாது. ஒரு காரணத்துக்கு ஒரு சொல் போதும். வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு மையால் அடித்தும் இந்த 'ஸோ' சாகவில்லை.

ஏன் சாகவில்லை என்று நான் யோசித்ததுண்டு. குற்றம் பிள்ளைகளுடையது இல்லை, தமிழின் நடை அப்படி. 'காய்ச்சலாக இருப்பதால் விடுப்பு வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். அந்த 'ஆல்' எங்கே இருக்கிறது? காரணம் முடியும் இடத்தில், காரியம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், சரியாக நடுவில். வெள்ளைக்காரன் அதைக் கொண்டுபோய் வாக்கியத்தின் தலையில் வைத்துவிட்டான். நம் பிள்ளை தலையில் 'ஆஸ்' என்று அவன் சொன்னபடி எழுதிவிட்டு நடுப்பகுதிக்கு வருகிறது. அங்கே வழக்கமாக இருக்க வேண்டிய 'ஆல்' இல்லை, இடம் வெறிச்சென்று கிடக்கிறது. பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை, ஒரு 'ஸோ'வைப் போட்டு நிரப்புகிறது. அதே பிள்ளை வளர்ந்து, கல்யாணம் ஆகி, ஆபீசில் மெமோ வாங்கி விளக்கம் எழுதும்போது 'ஸோ' கௌரவமாக இல்லை என்று அதே இடத்தில் 'தேர்ஃபோர்' போடுகிறது. 'சின்ஸ் த பஸ் வாஸ் லேட், தேர்ஃபோர் ஐ வாஸ் லேட்.' உடம்பு பெருத்திருக்கிறது, வியாதி அதேதான்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இதைச் சொன்னால் எதிரே இருப்பவர் கொட்டாவி விடுவார் என்று அனுபவத்தில் தெரியும், இருந்தாலும் வாத்தியார் ரத்தம். 'ஸோ' ஓர் இணைப்புச் சொல், இரண்டு வாக்கியங்களைக் கட்டி வைக்கும். 'தேர்ஃபோர்' வினையுரிச்சொல். அது விளக்கும், கட்டாது. ஆகையால் 'மழை பெய்தது' என்று ஒரு முழு வாக்கியம் எழுதி, காற்புள்ளி வைத்து, 'தேர்ஃபோர் நெல் நனைந்தது' என்று தொடர்ந்தால் இங்கிலீஷ்காரன் முகம் சுளிப்பான். ஒன்று முற்றுப்புள்ளி வைக்க வேண்டும், அல்லது அரைப்புள்ளி. டெல்டாக்காரனுக்கு ஒரே வரியில் புரியும்படி சொல்வதானால், காற்புள்ளி என்பது வயல் வரப்பு, அரைப்புள்ளி என்பது ஆற்றங்கரை. இந்தப் பக்கம் ஒரு முழு வாக்கியமும் அந்தப் பக்கம் ஒரு முழு வாக்கியமும் நிரம்பி நிற்கும்போது வரப்பு தாங்காது, கரைதான் வேண்டும். கரை போட்ட பிறகு தேர்ஃபோர் எழுதி, அதற்குப் பின்னால் ஒரு வரப்பு கட்டிக்கொள்ளலாம். முன்னால் ஓர் 'அண்ட்' சேர்த்துவிட்டால் அது இணைப்பு வேலையைப் பார்த்துக்கொள்ளும், வரப்பே போதும்.

இந்த அரைப்புள்ளி விஷயத்தில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பரம்பரைக் கௌரவம் வேறு இருக்கிறது. கும்பகோணம் அரசு கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பேர். அங்கே படித்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரின் இங்கிலீஷைக் கேட்டு வெள்ளைக்காரர்களே வாய் பிளந்து 'வெள்ளி நாக்கு' என்று பட்டம் கொடுத்தார்கள். அதற்கும் நூறு வருஷம் முன்னால், ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் வளர்ந்த சரபோஜி ராஜா, அவர் காலமானபோது கல்லறைக்கு இங்கிலீஷிலேயே செய்யுள் எழுதி வைத்தார். ஆகவே இந்த மண்ணுக்கு இங்கிலீஷ் வராது என்று சொல்ல முடியாது. வந்தது, தங்கியது, சாப்பிட்டது. வாசலில் விட்ட செருப்பை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டது.

தேர்ஃபோரின் பங்காளிகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. 'தஸ்' என்றால் 'இவ்வாறாக'. எங்கள் பக்கத்தில் ஒருவன் அதிகமாக இங்கிலீஷ் பேசினால் 'தஸ்ஸு புஸ்ஸுன்னு பேசுறான்' என்பார்கள். அந்த 'தஸ்' இந்த 'தஸ்'தான் என்று நான் பந்தயம் கட்டத் தயாரில்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது. 'ஹென்ஸ்' கொஞ்சம் விசேஷமான ஆசாமி. மற்றவர்கள் முழு வாக்கியம் கேட்பார்கள், இவர் ஒரு பெயர்ச்சொல் கிடைத்தாலே திருப்தி அடைந்துவிடுவார். 'ஹென்ஸ் த டிலே' என்றால் 'தாமதத்துக்கு அதுதான் காரணம்' என்று முழுசாக அர்த்தம் வந்துவிடும். வினைச்சொல் செலவில்லை. சிக்கனமான இந்தச் சொல்லை என் மாணவன் ஒருவன் லீவ் லெட்டரில் கோழிகளின் ஸ்பெல்லிங்கில் எழுதிக் கொடுத்தான். கோழிகள் தலைமையாசிரியரைப் பணிவன்புடன் கேட்டுக்கொண்டன. லீவ் கிடைத்தது.

தமிழில் இந்தத் தொல்லை இல்லையா என்றால், இதைவிடப் பெரியது இருக்கிறது. தமிழ் பல சமயம் தன் தேர்ஃபோரைத் தனிச் சொல்லாகவே வைத்துக்கொள்ளாமல் வினைச்சொல்லின் வாலில் ஒளித்து வைத்துவிடும். இலக்கண வகுப்பில் 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்று ஓர் உதாரணம் சொல்வார்கள். 'பெய்ய' என்ற அந்த எச்சத்திலேயே காரணம் அடங்கிப் போயிற்று. தனியாக ஒரு சொல் வைத்துச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த வசதி இருப்பதால்தான் எங்கள் ஆட்கள் ஒரு வருஷ விவசாயத்தையே மூச்சு விடாமல் சொல்லிவிடுகிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூரில் மதகைத் தூக்க, சில நாளில் தண்ணீர் கல்லணைக்கு வர, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரித்து விட, முறை வந்து எங்கள் வாய்க்காலில் ஏற, நாற்றங்கால் நனைய, குறுவை நட, மழைக்கு முந்தி அறுக்க, சொசைட்டிக் கடன் அடைய, அடுத்த கடன் வாங்க ஆள் ரெடி. இத்தனை நீளத்தில் ஒரு தேர்ஃபோர்கூட இல்லை. ஒரு கண்ணி அறுந்தால் எல்லாமே அறுந்துவிடும் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் அதே எச்சத்தை வைத்துத்தான் இன்னொன்றும் சொல்கிறோம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது.

மழை பெய்ய, குளம் நிறைய. காக்கை உட்கார, பழம் விழ. இலக்கணத்தில் இரண்டுக்கும் எள்ளளவும் வித்தியாசம் கிடையாது. ஒன்றில் காரணம் உண்மையாக வேலை செய்திருக்கிறது. மற்றதில் காக்கை பாவம், கால் வலிக்கிறதே என்று உட்கார்ந்தது. விகுதி இரண்டையும் ஒரே முகத்துடன் வரவேற்கிறது. இங்கிலீஷ் தேர்ஃபோரும் அப்படித்தான். அரைப்புள்ளியைச் சரியாக வைத்துவிட்டால் காக்கையையும் மழையையும் அது ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடும். இலக்கணப் புத்தகம் இலை போடுவதோடு சரி, யார் சாப்பிட வந்திருக்கிறார்கள் என்று பார்க்காது.

எங்கள் தெருவில் காக்கைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு வீட்டில் மருமகள் வந்த வாரம் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. "எங்க வீட்டு மகாலட்சுமி காலடி வச்ச வேளை" என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னாள். குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்த்த மழை இதைக் கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருக்கும். அடுத்த வருஷம் அணை நிரம்பவில்லை. அதற்கும் அதே மருமகள்தான் பொறுப்பு என்று அதே மாமியார் சொன்னாள். அந்தப் பெண் எம்.காம். படித்தவள், நீர்வளத்துறைக்கும் அவளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதற்கெல்லாம் நம் முன்னோர்கள் பேர் வைத்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். பூம்புகாரில் பிறந்த மணிமேகலை காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தருக்கம் கேட்பதைச் சாத்தனார் ஒரு நீண்ட காதையாகவே எழுதியிருக்கிறார். புகையைக் கண்டு நெருப்பை அறிவது எப்படி, அதில் எங்கெங்கே சறுக்கும் என்று வரிசையாக வரும். சறுக்கும் காரணத்துக்கு 'ஏதுப் போலி' என்று பேர். காரணம் மாதிரி வேஷம் கட்டியிருக்கும், காரணம் இல்லை. கல்லூரியில் படிக்கிறபோது அந்தக் காதையை எல்லாரும் தாண்டிக் குதித்துத்தான் போனோம். மாதவி மகள் துறவு பூண்டால் என்ன, பரீட்சைக்கு வராது என்று ஒருவன் உறுதியாகச் சொல்லியிருந்தான். அவன் சொன்னதற்கு என்ன ஏது என்று கேட்கவில்லை.

எங்கள் பக்கத்துப் போலிகளிலேயே பிரசித்தமானது கும்பகோணத்தில் இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் பரீட்சை முடிவு வந்த மறுநாள் தவறாமல் காதில் விழும். இங்கிலீஷில் கோட்டை விட்ட பையன் தலையைக் குனியாமல், "ராமானுஜனும் இங்கிலீஷ்ல ஃபெயில்தான் சார்" என்பான்.

அவன் சொல்வது உண்மை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், டவுன் ஹைஸ்கூலில் பரிசெல்லாம் வாங்கி, 1904-ல் அதே 'கேம்பிரிட்ஜ்' கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. இங்கிலீஷ் கட்டுரைப் பாடத்தில் தோற்றார். தேர்ஃபோர், உதவித்தொகை போயிற்று. இது கல்லில் செதுக்கத் தகுந்த தேர்ஃபோர், காரணம் காரியத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. ஆனால் 'ராமானுஜன் தோற்றார், நானும் தோற்றேன், தேர்ஃபோர் நானும் மேதை' என்பதில் பையன் போடும் தேர்ஃபோர் சுத்தமான காக்கை. அதை அவனிடம் சொன்னபோது, "அவருக்கும் அந்த வயசுல யாரும் நம்பலை சார்" என்றான். இதற்குப் பதில் சொல்ல அறவண அடிகள்தான் வர வேண்டும்.

ராமானுஜனுக்கும் தேர்ஃபோருக்கும் உள்ள வழக்கு இத்தோடு முடியவில்லை. பள்ளிக்கூட வயதில் அவர் கையில் கார் என்பவர் எழுதிய கணக்குத் தொகுப்பு ஒன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்கள், நிரூபணம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. விடை உண்டு, வழி இல்லை. பையனுக்கு அந்த நடை பிடித்துப்போயிற்று. காகிதம் விலை, அதனால் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையாலேயே அழிப்பார், கடைசி முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். சிலேட்டில் எத்தனை 'ஆகவே' இருந்திருக்கும்! எல்லாம் முழங்கைக்குப் போயிற்று. நோட்டில் மிஞ்சியவை மூவாயிரத்துக்கு மேற்பட்ட முடிவுகள், 'எப்படி' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல்.

1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கணக்கு ஆபீஸ் குமாஸ்தா, வருஷ வருமானம் 20 பவுன், என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டு அவர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். நிஜ கேம்பிரிட்ஜ். ஹார்டி திகைத்துப்போய்ப் பதில் எழுதினார். எழுதியவர் முதல் வேலையாகக் கேட்டது நிரூபணம். அதாவது, 'ஐயா, உங்கள் தேர்ஃபோர்களை அனுப்பி வையுங்கள்.' அவை கும்பகோணத்தில் சிலேட்டுப் பொடியாகப் பறந்து போயிருந்தன. பிறகு ப்ரூஸ் பெர்ன்ட் என்ற பேராசிரியர் அமெரிக்காவில் இலினாயில் உட்கார்ந்து, அந்த நோட்டுகளின் ஒவ்வொரு வரிக்கும் விட்டுப்போன வழியைத் தேடி எழுதினார். ஐந்து தொகுதிகள், முதலாவது 1985-ல், கடைசி 1998-ல். ஒருத்தர் முழங்கையால் அழித்ததை இன்னொருத்தர் தலைமுடி நரைக்க நரைக்கத் திரும்ப எழுதினார். என்னிடம் பத்து வரி மனுவில் தேர்ஃபோர் குறைகிறது என்று சண்டைக்கு வருகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணக்கில் 'ஆகவே' என்பதற்கு முக்கோணமாக மூன்று புள்ளி வைப்போம் இல்லையா, அதை அச்சில் முதலில் கொண்டுவந்தவர் ரான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், 1659-ல். நம் ஆய்த எழுத்து அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியே அதே மூன்று புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறது. தொல்காப்பியர் அதை 'முப்பாற்புள்ளி' என்பார். வெள்ளைக்காரன் நம்மிடமிருந்துதான் எடுத்தான் என்று யாராவது கிளம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன், இதுவும் காக்கைதான். தமிழ் மீடியத்தில் வடிவியல் படித்த என் தம்பிக்கு மட்டும் வெகு நாள் வரை ஒரு குழப்பம் இருந்தது. நிரூபணத்தின் கடைசி வரியை 'அக்கு முக்கோணம் ஏபிசி' என்றே வாய்விட்டுப் படிப்பான். மார்க் குறையவில்லை.

மனுக்காரர்கள் தேர்ஃபோரைக் கெஞ்சுவதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்றால், சர்க்கார் அதை அதட்டுவதற்குப் பயன்படுத்துகிறது. பழைய ஆபீஸ் கடிதங்களில் 'ஐ ஆம், தேர்ஃபோர், டு ரிக்வெஸ்ட் யூ' என்று ஒரு வரி வரும். தேர்ஃபோர் இங்கே வாக்கியத்தின் நடுவில், இரண்டு பக்கமும் காற்புள்ளி என்ற சேவகர்களை நிறுத்திக்கொண்டு நிற்கும். இலக்கணத்தில் குற்றமே இல்லை. கோர்ட்டில் 'இட் இஸ் தேர்ஃபோர் ப்ரேட்' என்பார்கள். அங்கே அதைக் கேட்டுப் பழகியவர்கள் ராத்திரி சுவாமி கும்பிடும்போதும் அப்படியே கும்பிடுவார்களோ என்னவோ.

ஆனால் எங்கள் டெல்டாவுக்கு ஆகக் கூடுதலாகச் செலவு வைத்த தேர்ஃபோர் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தது. 2007-ல் காவிரி நடுவர் மன்றம், கர்நாடகம் வருஷத்துக்கு 192 டிஎம்சி விட வேண்டும் என்று சொல்லியிருந்தது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75. அதில் 4.75 பெங்களூரின் தாகத்துக்கு. மீதி 10 டிஎம்சிக்குக் காரணம் எங்கள் காலடியில் இருந்தது. தமிழ்நாட்டுக் காவிரிப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது, ஆகவே ஆற்றில் அவ்வளவு குறைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவுக்கு இதை நான் தமிழில் சொன்னேன். "கீழ தண்ணி இருக்கு, அதனால மேல தண்ணி வேண்டாம்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். பிறகு, "கீழ எப்படித் தம்பி வந்துச்சாம்?" என்றார். நீதிபதிகள் காரணம் சொல்லித்தான் குறைத்திருக்கிறார்கள், கணக்கும் காட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் ஆற்றில் ஓடியதும் வயலில் நின்றதும் இறங்கித்தான் கீழே சேர்ந்தது என்பது சித்தப்பாவின் வாதம். அவருக்கு மூன்று தேர்ஃபோர் கேட்கத் தெரியும், ஒன்றை நிறுத்திக் கேள்வி கேட்கவும் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இப்போது திண்ணைக்கு வருகிற இளவட்டங்கள் கடிதத்தை எழுதச் சொல்வதில்லை. செல்போனே எழுதிக் கொடுத்துவிடுகிறது, என்னிடம் சரிபார்க்க மட்டும் வருகிறார்கள். 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்', 'கான்ஸிக்வென்ட்லி', பத்திக்குப் பத்தி மாலை போட்டுக்கொண்டு நிற்கின்றன. அரைப்புள்ளியெல்லாம் அச்சாக இருக்கிறது. நாற்பது வருஷம் நான் அடித்து அடித்துச் சொல்லியும் வராத அரைப்புள்ளி! எஞ்சினீயரிங் முடித்த பையன் ஒருவன் சென்னைக் கம்பெனிக்கு விண்ணப்பம் கொண்டுவந்தான். தமிழாக்கினால் இப்படி வரும்: 'நான் காவிரி டெல்டாவின் விவசாயப் பாரம்பரியத்தைச் சேர்ந்தவன், ஆகவே, கடும் உழைப்பும் பொறுமையும் என் ரத்தத்தில் ஊறியவை.'

அவன் அப்பா நாற்று நடும்போதெல்லாம் இவன் எங்கே இருந்தான் என்பது ஊருக்கே தெரியும். வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்ப்பா, இந்த தேர்ஃபோர் நியாயமா?"

"அவங்க வந்து பார்க்கவா போறாங்க மாமா?" என்றான். வேலை கிடைத்துவிட்டது. கடும் உழைப்பு என்னவென்று இப்போது ராத்திரி ஷிப்டில் தெரிந்துகொள்கிறானாம். தேர்ஃபோர் சில சமயம் காரியத்தை முதலில் சொல்லிவிட்டுக் காரணத்தை அப்புறமாக வரவழைத்துக்கொள்கிறது போலிருக்கிறது.

போன வாரம் மேலத்தெரு அத்தாச்சி ஒரு காகிதத்தோடு வந்தார். ஐப்பசி மழையில் அவருடைய சம்பாப் பயிர் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்து அழுகிப்போயிற்று. ஆற்றோரத்துப் பள்ளக்கால். பயிர்க் காப்பீடு கட்டியிருந்தார். பணம் வரவில்லை என்று, மகனை விட்டு ஒரு விண்ணப்பம் போட்டிருந்தார், அதற்குப் பதில் வந்திருக்கிறது. இந்தக் காப்பீட்டில் மகசூல் இழப்பைத் தனித்தனி வயலை வைத்துக் கணக்குப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமத்தில் சில இடங்களில் அறுவடைப் பரிசோதனை செய்து, சராசரி மகசூல் எடுத்து, அது உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் நஷ்டம் என்று ஒத்துக்கொள்வார்கள். மேட்டு வயல்காரர்கள் அந்த வருஷம் நன்றாகவே அறுத்திருந்தார்கள்.

காகிதத்தை வாங்கி வாசித்தேன். இரண்டே வரி. உங்கள் கிராமத்தின் சராசரி மகசூல் நிர்ணயித்த அளவுக்குக் குறையவில்லை, அரைப்புள்ளி, தேர்ஃபோர், காற்புள்ளி, உங்களுக்கு இழப்பு ஏற்படவில்லை.

வாத்தியாராக எனக்கு ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. கரை இருக்க வேண்டிய இடத்தில் கரை இருந்தது, வரப்பு இருக்க வேண்டிய இடத்தில் வரப்பு. சிவப்புப் பேனாவுக்கு வேலையே இல்லை.

"என்ன தம்பி போட்டிருக்கான்?"

"ஊர்ல நல்லா வெளஞ்சிருக்காம் அத்தாச்சி. அதனால உங்க வயல் அழுகலையாம்."

அத்தாச்சி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அந்த 'அதனால'வை எங்க போட்டிருக்கான், காட்டு" என்றார். விரலால் தொட்டுக் காட்டினேன். முந்தானையில் சொருகியிருந்த பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அதை மட்டும் அடிச்சுட்டு, அவனுக்கே திருப்பி அனுப்பு."